விசிறியை இயக்கும் சிறுபெட்டி

பினாங்குத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைச் சுற்றிலும் கடல் இருக்கிறது. அதன் இயந்திரம் சூடேறினால், குழாய் வழியே கடல்நீரை உள்ளிழுத்து, வெப்பத்தை அந்நீரிடம் கொடுத்து, மீண்டும் கடலிலேயே விட்டுவிடலாம். அதே கடலுக்கு மேலே, பினாங்குப் பாலத்தில், மாலை நெரிசலில் சிக்கி நிற்கும் மகிழுந்துக்கு அந்த வசதி இல்லை. அது தன்னுடன் சுமந்து செல்வது ஐந்தாறு லிட்டர் நீர் மட்டுமே. அந்தச் சிறிதளவு நீரே சுற்றிச் சுற்றி வந்து இயந்திரத்தைக் காக்க வேண்டும்.

பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே அமைந்துள்ளது. 2014ஆம் ஆண்டு 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டது. ஜோர்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே மகிழுந்துகளை ஏற்றிச் சென்ற பெரிச் சேவை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. ஆகவே, இன்று தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செல்லும் மகிழுந்துகளுக்கு இந்த இரு பாலங்களே வழி. பாலத்தில் ஒரு வண்டி பழுதாகி நின்றாலும் அதன் பின்னே நீண்ட வரிசை உருவாகிவிடும். அவ்வாறு நிற்கும் ஒவ்வொரு வண்டியின் இயந்திரத்தையும் காக்கும் பொறுப்பு, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கருவியிடம் இருக்கிறது. அதன் பெயர் ரிலே.

காற்று நின்றால் என்ன ஆகும்?

எரிபொருளிலிருந்து கிடைக்கும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாகக் குளிர்விப்பு நீரில் கலக்கிறது. சூடான அந்நீர், வண்டியின் முன்புறம் உள்ள ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கு மெல்லிய குழாய்களின் வழியே அது பாயும்போது, எதிரே வரும் காற்று வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வண்டி விரைந்து செல்லும்வரை காற்றுக்குக் குறைவில்லை. வண்டி நின்றுவிட்டால் காற்றும் நின்றுவிடுகிறது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போது ரேடியேட்டருக்குக் காற்றைத் தருவது விசிறி ஒன்றுதான்.

பழைய வண்டிகள் பலவற்றில் இயந்திரமே வார்ப்பட்டையின் மூலம் விசிறியைச் சுழற்றியது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகா போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் இயந்திரம் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். எனவே, விசிறியை இயந்திரத்தோடு நேரடியாக இணைப்பது எளிதன்று. இத்தகைய வண்டிகளில் விசிறி மின்சாரத்தால் இயங்குகிறது. தேவையானபோது சுழலவும் தேவையற்றபோது ஓய்வெடுக்கவும் அதனால் முடியும்.

நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸை எட்டும்போது விசிறி சுழல வேண்டும். வெப்பம் சற்றுத் தணிந்ததும் நிற்க வேண்டும். இதைக் கண்டறிவது, நீரோடு தொட்டுக்கொண்டிருக்கும் வெப்பச் சுவிட்ச். அப்படியானால், விசிறிக்குரிய மின்னோட்டத்தை அந்தச் சுவிட்சின் வழியாகவே அனுப்பிவிடலாமே என்று தோன்றக்கூடும். இங்குதான் சிக்கல் எழுகிறது. ஒரு சிறிய வண்டியின் விசிறிக்கும் 10 முதல் 20 ஆம்பியர் வரை மின்னோட்டம் தேவைப்படும். சுழலத் தொடங்கும் கணத்தில் அது இன்னும் பல மடங்கு உயரும். சிறிய சுவிட்சின் தொடுமுனைகள் அத்தனை மின்னோட்டத்தைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் தீப்பொறி எழுந்து, தொடுமுனைகள் கருகி, இறுதியில் சுவிட்ச் பயனற்றுப் போகும்.

சிறியது கட்டளையிடும்; பெரியது பணி செய்யும்

பட்டர்வொர்த்தில் உள்ள கொள்கலன் முனையத்தில் பாரந்தூக்கிகள் பல டன் எடையுள்ள கொள்கலன்களைத் தூக்குகின்றன. கீழே நிற்பவர் கையசைத்துக் குறிப்புக் காட்டலாம். ஆனால், அந்தக் கை எடையைச் சுமப்பதில்லை. குறிப்பு ஓரிடத்தில் பிறக்கிறது. ஆற்றல் வேறிடத்திலிருந்து வருகிறது. ரிலே செய்வதும் இதுவே.

ரிலேயின் உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதன் வழியே சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி, அருகிலுள்ள இரும்புத் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்ததும் இரண்டு தடித்த தொடுமுனைகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. அவற்றின் வழியே விசிறிக்குரிய பெரிய மின்னோட்டம் பாய்கிறது. சுருளில் மின்னோட்டம் நின்றதும் வில்சுருள் தகட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், விசிறி நின்றுவிடும்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். சுருளின் மின்தடை 80 ஓம் என்றும், மின்கலத்தின் மின்னழுத்தம் 12 வோல்ட் என்றும் கொள்வோம். 12ஐ 80ஆல் வகுத்தால் 0.15 ஆம்பியர். விசிறிக்கோ 15 ஆம்பியர் தேவை. அதாவது, நூறில் ஒரு பங்கு மின்னோட்டம் முழு மின்னோட்டத்தையும் ஆள்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று ஒரு மகிழுந்துக்குள் கிடைப்பது அரிது.

இக்கருவி மகிழுந்துக்காகப் பிறந்ததன்று. அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டளவில் இதன் அடிப்படையை உருவாக்கினார். பின்னர், தந்தித் துறை இதைப் பயன்படுத்திக்கொண்டது. தரைவழித் தந்திக் கம்பியில் தொலைவு கூடக்கூட மின்னோட்டம் நலிவடையும். நலிந்த அந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கினால் போதும். அங்குள்ள புதிய மின்கலம் செய்தியை மேலும் எடுத்துச் செல்லும். அக்காலத்தில், நெடும்பயணத்தில் களைத்த குதிரைகளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ரிலே என்னும் பெயர் அவ்வழக்கத்திலிருந்தே வந்தது. 1870ஆம் ஆண்டையொட்டிச் சென்னையையும் பினாங்கையும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. தந்திக் காலம் முடிந்துவிட்டாலும் அக்காலத்தின் ரிலே இன்றும் ஒவ்வொரு மகிழுந்திலும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

நான்கு முனைகள், இரண்டு பாதைகள்

மகிழுந்து ரிலேயின் அடிப்புறத்தில் நான்கு முனைகள் இருக்கும். அவற்றில் 30, 87, 85, 86 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண்கள் வரிசையாக இல்லையே என்று மாணவர்கள் வியக்கலாம். இவை ஜெர்மானியத் தர முறையிலிருந்து வந்தவை. இன்று உலகெங்கும் வழங்குகின்றன. இவற்றை மனனம் செய்வதைவிட இரண்டு பாதைகளாகப் பிரித்துப் புரிந்துகொள்வது எளிது.

30, 87 ஆகிய இரண்டும் ஆற்றல் பாதை. மின்கலத்தின் நேர்முனையிலிருந்து புறப்படும் தடித்த கம்பி, உருகி வழியாக 30ஆம் முனைக்கு வருகிறது. 87ஆம் முனையிலிருந்து மற்றொரு தடித்த கம்பி விசிறிக்குச் செல்கிறது. விசிறியின் மறுமுனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்படுகிறது. மின்கலத்தின் எதிர்முனையும் அதே உடலோடு இணைந்திருப்பதால் மின்சுற்று நிறைவடைகிறது.

86, 85 ஆகிய இரண்டும் கட்டளைப் பாதை. வண்டியின் சாவியைத் திருப்பும்போது மின்சாரம் பெறும் மெல்லிய கம்பி, சிறிய உருகி வழியாக 86ஆம் முனைக்கு வருகிறது. 85ஆம் முனையிலிருந்து வெப்பச் சுவிட்சுக்குக் கம்பி செல்கிறது. சுவிட்சின் மறுபக்கம் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். நீர் சூடாகும்போது சுவிட்ச் மூடிக்கொள்கிறது, சுருளில் மின்னோட்டம் பாய்கிறது, ரிலே 'டிக்' என்று ஒலிக்கிறது, விசிறி சுழல்கிறது. சில ரிலேக்களின் உள்ளே டையோடு பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் 86ஐ நேர்முனைப் பக்கமும் 85ஐ எதிர்முனைப் பக்கமும் மாற்றாமல் இணைக்க வேண்டும். புதிய வண்டிகளில் வெப்பச் சுவிட்சுக்குப் பதிலாக வண்டியின் கணினியே கட்டளை தருகிறது. ஆயினும், பெரும்பாலானவற்றில் விசிறிக்கு மின்சாரம் ரிலேயின் வழியாகவே செல்கிறது.

கம்பியின் தடிமனும் உருகியின் இடமும்

இணைப்பைச் சரியாகக் கொடுத்தும் கம்பியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து நேரும். மின்கலத்துக்கும் விசிறிக்கும் இடையே 3 மீட்டர் செப்புக் கம்பி தேவைப்படுவதாகக் கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியின் மின்தடை சுமார் 0.1 ஓம். 15 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 1.5 வோல்ட் கம்பியிலேயே வீணாகும். அதோடு, 20 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் கம்பியில் உண்டாகும். விசிறி மெதுவாகச் சுழலும். கம்பியின் உறை இளகத் தொடங்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் இழப்பு 0.3 வோல்ட் மட்டுமே. வெப்பமும் 5 வாட்டைத் தாண்டாது.

உருகியின் அளவையும் இதையொட்டியே முடிவு செய்ய வேண்டும். அது விசிறியின் வழக்கமான மின்னோட்டத்தைவிட அதிகமாகவும், கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 15 ஆம்பியர் விசிறிக்கு 25 ஆம்பியர் உருகி பொதுவாகப் பொருந்தும். உருகி அடிக்கடி எரிந்துபோகிறது என்பதற்காக அதைவிடப் பெரிய உருகியையோ வெறும் கம்பித் துண்டையோ செருகுவது பெருந்தவறு. அப்போது உருகிக்குப் பதிலாகக் கம்பியே எரியும்.

உருகி மின்கலத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். உருகி காப்பது தனக்குப் பின்னால் வரும் கம்பியை மட்டுமே. அதை விசிறிக்கு அருகில் பொருத்தினால், மின்கலத்திலிருந்து அதுவரை உள்ள நீண்ட கம்பி காவலின்றிக் கிடக்கும். அதன் உறை எங்கேனும் உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால், தடுப்பாரின்றிப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பற்றக்கூடும்.

கடற்காற்றின் வேலை

பினாங்கு போன்ற தீவில் இன்னொரு பகையும் உண்டு. கடற்காற்றில் உள்ள உப்பும் ஈரமும் செப்பு முனைகளில் பச்சை நிறப் படிவத்தை உண்டாக்குகின்றன. வண்டியின் உடலோடு கம்பி இணையும் இடத்தில் துரு ஏறுகிறது. இதனால் அங்கு மின்தடை கூடுகிறது, இணைப்பு சூடாகிறது, ஒருநாள் விசிறி சுழல மறுக்கிறது. ஆகவே, ரிலேயை அதன் முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறும், மழைநீர் தெறிக்காத இடத்திலும் பொருத்துவது நல்லது. வண்ணப் பூச்சைச் சுரண்டிவிட்டு, பளிச்சென்ற இரும்பில் கம்பியை இறுக்க வேண்டும். அதன்மேல் பசைமசகு தடவினால் ஈரம் அணுகாது.

விசிறி சுழலாதபோது காரணத்தைத் தேடவும் இரண்டு பாதைகள் என்னும் அறிவு உதவுகிறது. முதலில் உருகியைப் பார்க்க வேண்டும். அது நன்றாக இருந்தால், நீர் சூடாகும் நேரத்தில் ரிலேயின் ஒலியைக் கவனிக்க வேண்டும். ஒலி கேட்டும் விசிறி சுழலவில்லை என்றால், கட்டளை வந்து சேர்ந்திருக்கிறது. பழுது ஆற்றல் பாதையில் இருக்கிறது. ஒலியே கேட்கவில்லை என்றால், கட்டளைப் பாதையையோ ரிலேயின் சுருளையோ ஆராய வேண்டும். பொருள்களை வரிசையாக மாற்றிப் பார்த்துப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கவனம் தேவை

இப்பணியை மாணவர்கள் தனியே செய்யக் கூடாது. ஆசிரியரோ அனுபவமுள்ள பட்டறைப் பணியாளரோ உடனிருக்க வேண்டும். பணியைத் தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் போன்ற உலோகப் பொருள்களை அணிந்திருக்கக் கூடாது. சில வண்டிகளில் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் விசிறி திடீரெனச் சுழலும். எனவே, அதன் அருகே விரல்களைக் கொண்டு செல்லக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ரேடியேட்டரின் மூடி. அம்மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால், நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். நீர் அக்கணமே கொதித்து ஆவியோடு பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்து போகச் செய்யும். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அது நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையின்றி ஓட்டிச் சென்றால் இயந்திரத்தின் மேற்பகுதி வளைந்துவிடும். சில ரிங்கிட் விலையுள்ள ரிலேயைக் கவனிக்காமல் விட்டதற்குப் பல்லாயிரம் ரிங்கிட் செலவிட நேரிடலாம்.

மாலை நெரிசலில் பினாங்குப் பாலத்தின்மேல் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கீழே கப்பல்கள் கடல்நீரால் தங்கள் இயந்திரங்களைக் குளிர்வித்தபடி நகர்கின்றன. மேலே ஒவ்வொரு வண்டிக்குள்ளும் 'டிக்' என்னும் மெல்லிய ஒலி எழுகிறது, விசிறி சுழல்கிறது. பயணிகள் அந்த ஒலியைக் கேட்பதில்லை. முனைகளைத் துடைத்து, சரியான கம்பியையும் உருகியையும் பொருத்தி வைத்தவரின் உழைப்பு அதில் இருக்கிறது.