நோய் போச்சு, ஊர் தேறிடுச்சா?



தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புக்குப் போன பிறகு, அம்பாங் பக்கம் அடுக்குமாடி வீட்டில் குடியேறிய ஓர் அக்காவை அண்மையில் சந்தித்தோம். "தம்பி, கோவிட்டு போயிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க வீட்டை விட்டு அது இன்னும் போகலையே!" என்றார்.

2020-லும் 2021-லும் பயந்துகொண்டு அவருடைய கணவர் கிளினிக் பக்கமே தலைகாட்டவில்லை. இனிப்பு நீர் மாத்திரை தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை. காலில் வந்த சின்னப் புண் பெரிதாகி, இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. இரவுச் சந்தையில் போட்டிருந்த பலகாரக் கடை நின்றது. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. ஒருவழியாகத் தலைதூக்கும் நேரத்தில், படிக்கட்டுக்குக் கீழே போட்டு வைத்த பழைய டயர்களிலும் வாளிகளிலும் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகியது. கடைசிப் பையன் டிங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"இதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது? டாக்டர்கிட்டயா, நகராண்மைக் கழகத்துலயா?" என்று கேட்டார் அக்கா. இந்த மாதம் அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

அம்பாங் பட்ட பாடு

அம்பாங் என்ற ஊரே காய்ச்சலோடு போராடிப் பிறந்ததுதான். 1857-இல் ராஜா அப்துல்லா ஈயம் தோண்ட 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியாக அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் காட்டுக் காய்ச்சலில் 69 பேர் மாண்டார்கள். மிஞ்சியவர் 18 பேர் என்கிறது வரலாறு. முதலாளிகள் என்ன செய்தார்கள்? இன்னும் 150 பேரை அனுப்பினார்கள். ஈயம் வெளியே போனது. செத்தவன் கணக்கில் மட்டும் இருந்தான்.

கிள்ளான் பக்கம் 1901-இல் நடந்தது வேறு கதை. புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) தொழிலாளர்கள் மலேரியாவில் விழுந்தார்கள். அப்போது கிள்ளானுக்கு வந்திருந்த டாக்டர் மால்கம் வாட்சன் மருந்தோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்தை வடியுங்கள், காட்டை வெட்டுங்கள், கால்வாய் தோண்டுங்கள் என்றார். அரசாங்கமும் பணம் ஒதுக்கியது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலுக்குப் பலியானோர் 368 பேர். மறு ஆண்டு 59 பேர்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. கொய்னா மாத்திரை ஓர் ஆளைக் காப்பாற்றும். கால்வாய் ஊரையே காப்பாற்றும். அந்நாளில் இவ்வேலைகளைப் பார்த்த நகரச் சுகாதார வாரியங்களின் இடத்தில் இன்று நகராண்மைக் கழகங்கள் இருக்கின்றன.

கோவிட் காலமும் பிறகும்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சந்தைகள் மூடின, கூலி நின்றது. 2021 ஜூன் கடைசியில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாட்டில் இந்நோய்க்குப் பலியானவர்கள் 37,000-க்கு மேல்.

ஊராட்சி மன்றங்களும் சும்மா இருக்கவில்லை. கிருமிநாசினி தெளித்தன, சந்தைகளை இடைவெளி விட்டு மறுபடி திறந்தன. பல மன்றங்கள் சிறு வியாபாரிகளுக்கு வாடகையிலும் உரிமக் கட்டணத்திலும் சலுகை தந்தன. சிலாங்கூர் மாநில அரசு 2021-இல் தொகுதி தொகுதியாக இலவசக் கோவிட் பரிசோதனையும், 2022-இல் 'சிலாங்கூர் சாரிங்' என்ற இலவச உடல் பரிசோதனையும் நடத்தியது.

ஆனால் 2022 ஏப்ரல் 1-இல் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் ஊர் தேறிவிட்டதாகப் பலர் நினைத்துவிட்டோம். டிங்கிக் கணக்கைப் பாருங்கள். 2021-இல் நாடு முழுவதும் 26,365 பேர். 2022-இல் 66,102 பேர். 2023-இல் 1,23,133 பேர். அந்த ஓராண்டில் மட்டும் 100 பேர் இறந்தார்கள்.

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் மன்றம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்பாங் என்பது ஒரே பெயர்தான். ஒரு பக்கம் கோலாலம்பூர் மாநகர் மன்றம், மறுபக்கம் 1992-இல் அமைந்த அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம். வீட்டு வரி பில்லில் பெயர் இருக்கும். தவறான கவுண்டரில் நின்றால் ஒரு நாள் சம்பளம்தான் போகும்.

பொதுச் சாலை, பொதுக் கால்வாய், குப்பை, சந்தைக் கடை உரிமம் ஆகியவை நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அடுக்குமாடியின் படிக்கட்டும் நடைபாதையும் கட்டட நிர்வாகக் குழுவின் பொறுப்பு. நிர்வாகம் காது கொடுக்காவிட்டால், மன்றத்திலேயே இருக்கும் கட்டட ஆணையர் பிரிவில் புகார் செய்யலாம். டிங்கி கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கொசுப்புழு வளர இடம் தருபவர் மீது நடவடிக்கை எடுக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அது தோட்ட நிர்வாகத்துக்கும் பொருந்தும், நம் வீட்டு வாளிக்கும் பொருந்தும்!

தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு: வீடு, தண்ணீர், கால்வாய் ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது.

வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி, புளோக் எண், என்ன குறை என்று எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். பத்து வீட்டார் கையெழுத்துப் போடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும். மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்று வருகிறவர்கள். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட பிறகு நாம் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே நம் கையெழுத்துதான் நம் ஓட்டு.

நம் உடம்பை நாம் பார்க்க வேண்டாமா?

நகராண்மைக் கழகம் கால்வாயைச் சுத்தம் செய்யும். நம் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அது பார்க்காது. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களில் 31.4 பேர். இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. கோவிட் காலத்தில் பரிசோதனையை விட்டவர்கள் இன்னும் தள்ளிப்போடக் கூடாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தினராக இருந்தால், 'பேக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் இரவில் படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். புண் இருந்தால் மஞ்சளை அப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

கோவிட் வந்து மூன்று மாதம் கழித்தும் மூச்சு வாங்குதல், தீராத அசதி, மறதி, தூக்கமின்மை இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று ஏச வேண்டாம். அது நோயின் மிச்சமாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். மனம் உடைந்தவர்கள் 15555 என்ற அரசாங்க எண்ணை அழைத்துப் பேசலாம்.

அந்த அக்கா இப்போது தன் புளோக்கில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறார். அண்ணனும் கைத்தடி ஊன்றிக்கொண்டு கூடவே போகிறார். "விரலு போனது போச்சு தம்பி, புள்ளைங்க காலாவது நல்லா நடக்கட்டும்" என்கிறார் அவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்திலும் புளோக்கிலும் பத்துப் பேர் கூடுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். பிறகு உட்கார்ந்து அந்த மனுவை எழுதுங்கள்.