தலைக்கு ஒரு குடை!

மார்கழி மாதம். விடியற்காலை ஐந்து மணி. ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். வாசலில் கோலம் போடும் பெண்களில் பலருக்குத் தலையில் ஈரக் கொண்டை. முதுகில் நீர் சொட்டச் சொட்ட கோயில், அப்படியே அடுப்படி, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், பிறகு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துத் திருச்சியில் ஆபீஸ். சாயங்காலம் வீடு திரும்பிக் கொண்டையை அவிழ்த்தால்... உள்ளே இன்னும் ஈரம்!

அப்படி ஒரு சகோதரி என்னிடம் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் அரிப்பு, பொடுகு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. எல்லாம் சொல்லி முடித்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் பொண்ணு ராத்திரி என் பக்கத்துல படுக்க மாட்டேங்கறா டாக்டர். 'உன் தலை நாத்தமடிக்கறதும்மா'ங்கறா..."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எத்தனையோ தைலம், ஷாம்பு மாற்றிப் பார்த்துவிட்டார்.

"தினம் தலைக்குக் குளிக்கறீங்களா?"

"ஆமாம், காலைல நாலரைக்கு. எங்காத்துல தலைக்குக் குளிக்காம அடுப்பு பத்த வைக்க மாட்டோம்."

"தலை எப்போ காயும்?"

பதில் இல்லை. வியாதியின் மூலம் அங்கேதான் இருந்தது!

நம் எல்லோர் தலைத்தோலிலும் மலசீசியா என்கிற ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. ஈரம், சூடு, புழுக்கம் மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். பொடுகு, அரிப்பு, வாடை எல்லாம் வரிசையாக வரும். ஈரத்தோடு முடிந்துவைக்கும் சிலருக்கு, முடியில் வெள்ளை மணல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் பூஞ்சையும் வருவதுண்டு. ஈறு என்று நினைத்து வீணாகப் பேன் மருந்து போடுவார்கள். விரலால் உருவினால் சுலபமாக வந்துவிட்டால் அது ஈறாக இருக்காது. ஈறு லேசில் வராது! ஈரத்தலை மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பறக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

'சரி டாக்டர், குளிக்காமல் இருக்க முடியுமா?' என்று கேட்பீர்கள். யார் குளிக்க வேண்டாம் என்றது? நம் பாட்டிமார்கள் 'தலைக்குக் குளிப்பது', 'மேலுக்குக் குளிப்பது' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்களே! தேரையரின் நோயணுகா விதியும் நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்றுதான் சொல்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தலைக்கு, மற்ற நாள் மேலுக்கு. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். அதிகம் வியர்ப்பவர்கள் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம்.

மேலுக்குக் குளிக்கும் நாளில் கைகொடுப்பதுதான் ஷவர் கேப். 'எங்கள் வீட்டில் ஷவரே இல்லையே' என்று தயங்க வேண்டாம். பக்கெட், செம்புக் குளியலுக்கும் இது உதவும். சின்னக்கடை வீதி பேன்ஸி ஸ்டோரில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

வேறு யாருக்கெல்லாம் பயன்படும்?

பீனிசம், தலைபாரம் உள்ளவர்களுக்கு: ஜலதோஷத்தைக் கொண்டுவருவது வைரஸ்தான், ஈரத்தலை அல்ல. ஆனாலும் ஈரத்தலையோடு குளிர்காற்றில் நின்றால் பாரம் கூடுகிறது என்று பல நோயாளிகள் சொல்கிறார்கள். அவர்கள் பனிக்காலத்தில் கேப் போட்டுக் குளிக்கலாம்.

வயதானவர்களுக்கு: தோள்மூட்டு வலியால் கையைத் தூக்கித் தலை துவட்ட முடியாதவர்களுக்குப் பெரிய ஒத்தாசை. கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் அனுமதிக்கும்வரை கழுத்துக்குக் கீழேதான் குளிக்க வேண்டும். கேப் இருக்கிற தைரியத்தில் தலையில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்!

மருதாணி போடும்போது: மேலே கேப் மாட்டினால் கலவை சீக்கிரம் காயாது, கழுத்தில் வழியாது. எண்ணெய் தேய்த்த பிறகும் அரை மணி நேரம் போட்டிருக்கலாம். ஆனால் பொடுகு உள்ளவர்கள் ராத்திரி முழுக்க எண்ணெயை ஊற வைக்காதீர்கள். அது பூஞ்சைக்கு விருந்து!

வீட்டு வேலையில்: போகிக்கு முன் பரணை ஒழிக்கும்போதும், ஒட்டடை அடிக்கும்போதும் தூசி தலையில் இறங்காது.

சில ஜாக்கிரதைகள்: ஏற்கெனவே ஈரமாக இருக்கும் தலையில் கேப் மாட்டாதீர்கள். குளித்ததும் கழற்றிவிடுங்கள். உட்புறத்தைத் திருப்பி, சோப்பு நீரில் அலசி, காற்றாடக் காயப்போடுங்கள். ஒருவருடையதை இன்னொருவர் போட்டால் பேனும் கூடவே வரும், ஆளுக்கொன்று வேண்டும். எலாஸ்டிக் நெற்றியில் தழும்பு பதிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் என்பதால் அடுப்புப் பக்கம் கூடவே கூடாது. மூச்சு முட்டும் ஆபத்து உண்டு, குழந்தைகள் கையில் சிக்காமல் வையுங்கள்.

நாள், கிழமை, விரதம் என்று தலைக்குக் குளிக்க வேண்டிய நாட்கள் அவரவர் வீட்டு வழக்கம். அதற்குக் குறுக்கே நிற்க மாட்டேன். அன்றைக்குக் கால் மணி முன்னதாக எழுந்து, ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுத்து, தலையை விரித்துவிட்டுக் காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் கொண்டை!

அந்தச் சகோதரிக்கும் இதைத்தான் சொன்னேன். பொடுதலைத் தைலம் கொடுத்து, தேய்த்த அரை மணியில் அலசிவிடச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகையும் தெரிந்தது. அதற்குத் தனியாக மருந்து. வீட்டில் மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் அவர் கவலை. மறுமுறை மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தொப்பி எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்துடு. தோளைத் தூக்கவே முடியலை" என்றாரே பார்க்கலாம்!

இரண்டு மாதம் கழித்து வந்தபோது முடி உதிர்வு முழுவதும் நிற்கவில்லை, குறைந்திருந்தது. அரிப்பும் வாடையும் போயிருந்தன.

"பொண்ணு?" என்றேன்.

"இப்போ என் தலகாணிலதான் தலை வெச்சுத் தூங்கறா டாக்டர்!"