தலைவலி எத்தனை மணிக்கு வருகிறது?

நேற்று நடுராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த வலி, இன்றும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றரைக்கே வந்தால் வீட்டில் காத்து கருப்பு என்ற பேச்சு கிளம்பிவிடும். அது பேயல்ல, கொத்துத் தலைவலி. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடியது.

ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றி மட்டும் குடையும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும், அதே பக்க மூக்கு அடைக்கும். மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுத்திருப்பார். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்கவே முடியாது, எழுந்து நடப்பார். கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். பல வாரம் இப்படி வாட்டிவிட்டு, மாதக்கணக்கில் காணாமல் போகும். பலருக்கு மறு வருடம் அதே பருவத்தில் திரும்பும். இடையில் சைனஸ் என்று சிகிச்சை நடக்கும். சொத்தையில்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

லண்டனில் ஆர்னே மே, பீட்டர் கோட்ஸ்பி குழுவினர் வலி வந்த நேரத்திலேயே நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தார்கள். உடற்கடிகாரம் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி விழித்துக்கொண்டிருந்தது. 1998இல் அந்த முடிவு வெளியானது. பழைய ஆய்வுகளைத் திரட்டி 2023இல் பார்த்தபோது, பத்தில் ஏழு பேருக்கு வலி குறிப்பிட்ட நேரத்தை ஒட்டியே வருவது தெரிந்தது.

பருவத்தோடு உள்ள தொடர்புக்குப் பகல் நீள்வதையும் குறுகுவதையும் காரணமாகச் சொல்வதுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பகல் நீளம் பெரிதும் மாறும் ஐரோப்பாவின் கணக்கை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. ராஜபாளையத்து மில்களில் ஷிப்ட் வேறு மாறுகிறது. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடுவது இந்த வலியின் வழக்கம். ஆகவே ஷிப்ட் தொழிலாளி கடிகார மணியோடு, எப்போது தூங்கினோம் என்பதையும் குறித்தால்தான் உருப்படியான கணக்கு கிடைக்கும்.

வலி தொடங்கியதும் முகமூடி வழியே நிமிடத்துக்கு 12 லிட்டர் சுத்த ஆக்சிஜன், கால் மணி நேரம்: பலருக்கு இதுவே போதும். சுமாட்ரிப்டான் ஊசியும் உண்டு. கடையில் வாங்கும் வலி மாத்திரை வேலைசெய்வதற்குள் வலியே ஓய்ந்துவிடும். வலி வராமல் தடுக்க வெரபமில், இசிஜி பார்த்துத் தருவார்கள். வலிக் காலத்தில் மதுவைத் தொடவே கூடாது.

ஒரு நோட்டில் தேதி, வலி தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், எந்த ஷிப்ட், எப்போது தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதை அவர் கையில் கொடுங்கள்.