மாறா மின்னோட்டத்தை அளந்து தரும் சுற்று

மின்னழுத்தத்தை ஏறக்குறைய நிலையாகப் பேணும் கருவிகளை நாம் நாடோறும் கையாளுகின்றோம், மின்கலமே அத்தகையதொன்று. ஆனால், இணைக்கப்படும் சுமை எதுவாயினும் அதனூடாக ஒரே அளவான ஓட்டத்தைச் செலுத்தும் கருவி அவ்வாறு எளிதிற் கிடைப்பதில்லை. அதனைச் சுற்றாக அமைத்தே பெறுதல் வேண்டும். இதனை ஓட்ட முதல் என்பர். வேண்டிய அளவுக்கு மாற்றத்தக்கதாகவும், மாற்றியபின் அவ்வளவிலேயே நிற்பதாகவும் அதனை அமைப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

இத்துணைத் திருத்தம் எதற்கு என்னும் வினா எழலாம். பிளாற்றினத் தடை வெப்பமானியை எடுத்துக்கொள்வோம். 0 பாகை செல்சியசில் 100 ஓம் ஆகிய அதன் தடை 100 பாகையில் 138.5 ஓம் ஆகின்றது. அதனூடாக 1 மில்லியம்பியர் ஓட்டத்தைச் செலுத்தி, அதன் முனைகளிடையே தோன்றும் அழுத்தத்தை அளந்து வெப்பநிலையை அறிகின்றோம். தடுப்பூசி மருந்துகள் பல 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரிற் பேணப்படல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியினுள் 9 பாகை இருக்கையில், ஓட்டம் நூற்றுக்கு ஒன்று குறைந்துவிடின், கருவி 6 பாகைக்குச் சற்றே மேற்பட்ட அளவைக் காட்டும். வெப்பநிலை வரம்பு கடந்திருக்க, காப்பாளரோ யாவும் செவ்வனே உளவென எண்ணியிருப்பார். நூற்றுக்கு ஒன்று என்பது சிறு வழுவன்று.

12 உவோற்று மின்கலவடுக்கு ஒன்றுடன் 11,900 ஓம் தடையைத் தொடராக இணைத்தல் எளிய வழி. சுமை 100 ஓம் ஆயின் ஓட்டம் சரியாக 1 மில்லியம்பியர். சுமை 138.5 ஓம் ஆகும்போது ஓட்டம் ஆயிரத்துக்கு மூன்று அளவிற் குறையும். இதனைப் பொறுத்துக்கொள்ளலாம் எனினும், மின்கலவடுக்கு 11.4 உவோற்றுக்கு இறங்குமாயின் ஓட்டம் நூற்றுக்கு ஐந்து குறைந்துவிடும். ஓட்டத்தைக் கண்காணிப்பார் எவரும் இச்சுற்றில் இல்லாமையே இக்குறைக்குக் காரணம்.

அக்கண்காணிப்பைத் தருவது மறைப் பின்னூட்டல். அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் பிளாக் 1927 ஆம் ஆண்டில் விரியலாக்கிகளின் திரிபைக் குறைக்கும்பொருட்டு இதனைக் கண்டார். நமது சுற்றில், சுமையைக் கடந்த ஓட்டம் ஒரு திரான்சிற்றரினூடாகச் சென்று, பின்னர் 1000 ஓம் அளவுத் தடையொன்றினூடாகப் பாய்கின்றது. அத்தடையின் அழுத்த வீழ்ச்சி, செயற்பாட்டு விரியலாக்கி ஒன்றின் மறை உள்ளீட்டுக்கும், நிலையான 1 உவோற்று அதன் நேர் உள்ளீட்டுக்கும் ஊட்டப்படும். வீழ்ச்சி குறையின் விரியலாக்கி திரான்சிற்றரை மேலும் திறக்கும், கூடின் ஒடுக்கும். இரண்டும் சமமாகும் நிலையில் ஓட்டம் 1 மில்லியம்பியராக நிற்கும். ஆகவே, ஓட்டத்தைத் தீர்மானிப்பன மாட்டேற்று அழுத்தமும் அளவுத் தடையுமேயன்றித் திரான்சிற்றர் அன்று.

இனி, வழு புகும் வாயில்களை நோக்குவோம். முதலாவது, திரான்சிற்றரின் வகை. சாதாரண இருமுனைவுத் திரான்சிற்றரின் ஓட்டப் பெருக்கம் 100 ஆயின், அளவுத் தடையிற் பாயும் ஓட்டத்தில் நூற்றுக்கு ஒன்று அளவு சுமையைக் கடவாது அடியின் வழியே வந்து சேரும்; நாம் அஞ்சிய வழு இதுவே. புல விளைவுத் திரான்சிற்றரின் படலை ஏறத்தாழ ஓட்டமே கொள்ளாமையின் அது தக்கது. இரண்டாவது, அளவுத் தடையின் பொருள். செம்புக் கம்பியாற் செய்த தடை 3 பாகை சூடேறினாலே நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் மாறிவிடும். எட்வேட் வெஸ்ரன் 1892 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய மங்கனின் என்னும் கலப்புலோகம், அறை வெப்பநிலையை அடுத்து மிகச் சிறிதே மாறும். மூன்றாவது, தடையின் பருமன். விரியலாக்கியின் உள்ளீட்டில் 1 மில்லியுவோற்றுப் பெயர்ச்சி இருக்குமாயின், 10 ஓம் தடையில் 1 மில்லியம்பியருக்கு வழு நூற்றுக்குப் பத்து; 1000 ஓம் தடையில் ஆயிரத்துக்கு ஒன்றே.

ஓட்டத்தை மாற்றுதற்கு இரு வழிகள் உள. 10,000, 1000, 100 ஓம் ஆகிய தடைகளை ஆளியால் மாற்றி 0.1, 1, 10 மில்லியம்பியர் வீச்சுகளைப் பெறலாம். மாட்டேற்று அழுத்தத்தைப் பலசுற்று மாறுந்தடையொன்றாற் பிரித்து இடைப்பட்ட அளவுகளைப் பெறலாம். ஆளியின் தொடுகைத் தடை அளவிற் சேராவண்ணம், அழுத்தத்தைத் தடையின் முனைகளிலிருந்தே நேராக எடுத்தல் வேண்டும். எல்லையையும் மறத்தலாகாது. 12 உவோற்று வழங்கலில் அளவுத் தடைக்கு 1 உவோற்றும் திரான்சிற்றருக்கு 1 உவோற்றும் போக, சுமைக்கு எஞ்சுவது 10 உவோற்றே. 1 மில்லியம்பியரில் 10,000 ஓமுக்கு மேற்பட்ட சுமையை இச்சுற்று தாங்காது. பேரோட்டமும் தீது: வெப்பமானியினூடாக 1 மில்லியம்பியர் செல்கையில் 0.1 மில்லியுவாற்றே வெப்பமாகும். 10 மில்லியம்பியர் அதனிலும் நூறு மடங்கு வெப்பத்தை ஆக்கித் தான் அளக்கவந்த வெப்பநிலையையே மாற்றிவிடும்.

சுற்றை அமைத்தபின் சோதித்தல் எளிது. நியமத் தடையொன்றைச் சுமையுடன் தொடராக இணைத்து, அதன் அழுத்தத்தை நல்ல உவோற்றுமானியால் நோக்குக. சுமையை 0 முதல் 1000 ஓம் வரை மாற்றியும், வழங்கலழுத்தத்தைச் சிறிது குறைத்தும் பார்க்க. மானியின் காட்டல் அசையாது நிற்பின் பின்னூட்டல் செம்மையாகத் தொழிற்படுகின்றது என்க. எனினும், அசையாமை வேறு, உண்மை வேறு. தவறான தடையை நம்பிய சுற்று தவறான ஓட்டத்தையே உறுதியாகத் தந்துகொண்டிருக்கும். ஆதலின், அளவுத் தடையை இடையிடையே நியமத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் ஆய்கூடத்தில் நாம் கைவிடலாகாத வழக்கமாகும்.