வேட்டை நாள் எண்ணும் நாளாக மாறிய வரலாறு

ஒரு சமுதாயத்தில் வேரூன்றிவிட்ட தீய வழக்கம் ஒன்றை எவ்வாறு அகற்றுவது? மேடையேறிக் கண்டிக்கலாம். சட்டம் இயற்றித் தடுக்கலாம். இவ்விரண்டும் தேவைப்படும் இடங்கள் உண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. அவ்வழக்கம் மக்களுக்கு எந்த மகிழ்ச்சியைத் தந்து வந்ததோ அந்த மகிழ்ச்சியை அவர்களிடமே விட்டுவைத்து, அதனுள் கலந்திருக்கும் தீமையை மட்டும் களைந்து கொடுப்பதே அவ்வழியாகும். அமெரிக்க நாட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில், ஊருக்கு ஊர் இயங்கும் பறவை ஆர்வலர் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்திவரும் பறவைக் கணக்கெடுப்பு இவ்வழிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் வரலாற்றைத்தான் இவ்வாரம் வாசக அன்பர்களுடன் பகிர்ந்து கொள்ள விழைகிறேன்.

இரு குவியல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பல ஊர்களில் கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு போட்டி நடைபெறுவதுண்டு. ஊரார் இரு அணிகளாகப் பிரிவார்கள். துப்பாக்கிகளை ஏந்தியவண்ணம் வயல்வெளிகளுக்கும் காடுகளுக்கும் செல்வார்கள். இறகுள்ளது, உரோமமுள்ளது என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டு வீழ்த்துவார்கள். மாலையில் ஊர் திரும்பி, தாம் கொன்றவற்றை இரு குவியல்களாகக் குவிப்பார்கள். எந்தக் குவியல் பெரிதோ அந்த அணிக்கே வெற்றி!

உண்பதற்காக ஒரு பறவையை அறுப்பது வேறு. குவியலின் உயரத்தைக் கூட்டுவதற்காக அதைக் கொல்வது வேறு. முன்னதில் தேவை இருக்கிறது. தேவை நிறைவேறியவுடன் கை நின்றுவிடுகிறது. பின்னதில் தேவையும் இல்லை, எல்லையும் இல்லை. எதிரணியின் குவியல் ஒரு சாண் உயர்ந்தால் நம் குவியல் இரு சாண் உயர வேண்டும் என்னும் வெறி மட்டுமே எஞ்சுகிறது.

அக்காலத்து மக்கள் இதில் ஒரு தவறும் காணவில்லை. பறவைகள் என்றென்றும் குறையாத செல்வம் என்றே அவர்கள் எண்ணினார்கள். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்குப் பயணப் புறா என்னும் பறவையே சான்று பகர்கிறது. நூறு கோடிக் கணக்கில் வாழ்ந்து, கூட்டமாகப் பறக்கும்போது வானத்தையே மறைத்த புறா இனம் அது. சந்தைக்காகவும் விளையாட்டுக்காகவும் அது கொன்று குவிக்கப்பட்டது; அது கூடு கட்டிய காடுகளும் அழிக்கப்பட்டன. அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி நகரத்து விலங்குக் காட்சிச் சாலையில், ஒரு கூண்டுக்குள் தனியே இறந்தது. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் கோடானுகோடி ஒன்றாகி, அவ்வொன்றும் இல்லாமற் போயிற்று.

தொப்பிகளில் பறவைகள்

வேட்டைக்காரர்கள் மட்டுமே பறவைகளுக்குப் பகைவர் என்று கருதிவிட வேண்டாம். நாகரிகமும் அன்று பகையாக நின்றது. சீமாட்டிகள் அணிந்த தொப்பிகளில் இறகுகளையும், சில வேளைகளில் பறவையின் முழு உடலையுமே பதித்து அழகு பார்த்தார்கள்.

1886-ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்னும் இளைஞர் நியூயார்க் நகரின் கடைவீதிகளில் இருமுறை நடந்து சென்றார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் வங்கி ஊழியர். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் பெறாதவர். வழியில் எதிர்ப்பட்ட பெண்களின் தொப்பிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றுள் 542 தொப்பிகளில் பறவைகளோ இறகுகளோ இருந்தன. அவை 40 வகைப் பறவைகளைச் சார்ந்தவை என்பதையும் அவர் அடையாளம் கண்டு எழுதி வெளியிட்டார். காட்டில் காண வேண்டியவற்றை அவர் கடைவீதியில் கண்டார்! எவரையும் அவர் ஏசவில்லை. எண்ணிக்கையை மட்டும் மக்கள் முன் வைத்தார். ஏச்சுக்கு மறு ஏச்சு உண்டு. எண்ணிக்கைக்கு மறுமொழி கூறுவது எளிதன்று.

1896-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்னும் இரு பெண்மணிகள் வேறொரு வழியில் முயன்றார்கள். தமக்கு அறிமுகமான பெண்களைத் தேநீர் விருந்துகளுக்கு அழைத்து, இறகுத் தொப்பி அணிவதைக் கைவிடுமாறு அன்புடன் வேண்டினார்கள். ஏறத்தாழ 900 பெண்கள் அவர்களோடு இணைந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆடுபான் சங்கம் இவ்வாறு தோன்றியதே. பறவை ஓவியங்களால் புகழ்பெற்ற ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் பெயரைத் தாங்கி இத்தகைய சங்கங்கள் பின்னர் பல மாநிலங்களிலும் எழுந்தன. 1918-ஆம் ஆண்டில் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டமும் வந்தது. விருந்தறையில் தொடங்கிய பேச்சு நாட்டின் சட்டமாக முடிந்தது என்பதை நம் இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டும்.

1900-ஆம் ஆண்டின் அந்த நாள்

வங்கிப் பணியைத் துறந்த சாப்மன், 1888-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1899-ஆம் ஆண்டில் பறவைகளுக்கென்றே ஓர் இதழையும் தொடங்கினார். அதன் அடுத்த ஆண்டு டிசம்பர் இதழில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் நாளன்று வழக்கம்போல் வெளியே செல்லுங்கள். ஆனால் கொல்லாதீர்கள், எண்ணுங்கள். கண்டவற்றைக் குறித்து எமக்கு அனுப்பி வையுங்கள் என்பதே அதன் சாரம்.

அவ்வேண்டுகோளின் நுட்பத்தைச் சிந்தித்துப் பாருங்கள். குளிர்காலக் காலையில் நண்பர்கள் ஒன்று கூடும் மகிழ்ச்சி அப்படியே இருந்தது. காடு மேடுகளில் நடக்கும் உற்சாகம் இருந்தது. மற்றவர்களைவிட அதிகமாகக் கொண்டுவர வேண்டும் என்னும் போட்டியும் இருந்தது. துப்பாக்கி மட்டுமே கையிலிருந்து இறங்கியது. அதன் இடத்தில் ஏடும் எழுதுகோலும் ஏறின.

அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கனடாவின் டொரண்டோ முதல் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் வரையில், 25 இடங்களில் 27 பேர் மட்டுமே எண்ணினார்கள். ஏறத்தாழ 90 வகையைச் சேர்ந்த 18,500 பறவைகள் அவர்களது ஏட்டில் பதிவாயின. ஒரு கண்டம் முழுவதற்கும் 27 பேர் என்பது மிகச் சிறிய தொடக்கம். ஆனால் அது நின்றுவிடவில்லை. இரு உலகப் போர்களின்போதும் தொடர்ந்தது. இன்று 2,500-க்கும் மேற்பட்ட இடங்களில், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 80,000 பேர் இதில் பங்கு கொள்கிறார்கள்.

எண்ணும் முறை

இக்கணக்கெடுப்பு ஒழுங்கான விதிகளுக்கு உட்பட்டது. ஒவ்வோர் ஊர்ச் சங்கத்துக்கும் 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம் உரியது. டிசம்பர் 14-க்கும் ஜனவரி 5-க்கும் இடையில் ஏதேனும் ஒரு நாளை அச்சங்கம் தேர்ந்தெடுக்கிறது. வட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துக் குழுக்கள் செல்கின்றன. ஆந்தையின் குரலைக் கேட்பதற்காக விடியுமுன்பே புறப்படுவோரும் உண்டு. நடக்க இயலாத முதியவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் தீனி கொத்த வரும் பறவைகளைச் சன்னல் வழியாகவே எண்ணித் தருகிறார்கள். புதிதாக வருவோர் அனுபவமுள்ளவர்களுடன் சேர்ந்து செல்கிறார்கள். மாலையில் அனைவரும் ஓரிடத்தில் கூடிக் கணக்கைத் தொகுக்கிறார்கள். அரிய பறவை ஒன்றைக் கண்டதாக எவரேனும் கூறினால், அதற்குரிய விவரங்களைக் கேட்டுச் சரிபார்த்த பின்னரே ஏற்கிறார்கள்.

ஓர் ஐயம் எழலாம். சென்ற ஆண்டு பத்துப் பேர் எண்ணினார்கள். இவ்வாண்டு ஐம்பது பேர் எண்ணுகிறார்கள். பறவைகள் பெருகிவிட்டன என்று இதைக் கொண்டு கூற இயலுமா? இயலாது. ஆகவேதான் ஒவ்வொரு குழுவும் எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது, எவ்வளவு தொலைவு சென்றது என்பதையும் எழுதி வைக்கிறது. ஒரு குழு ஒரு மணி நேரத்தில் கண்ட பறவைகள் எத்தனை என்று வகுத்துப் பார்த்து, அதைக் கொண்டே ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டுடன் ஒப்பிடுகிறார்கள். அளவையில் நேர்மை இருந்தால்தான் கணக்கில் உண்மை இருக்கும்.

கணக்கு சொன்ன செய்திகள்

ஒரு நாள் கணக்கு ஒரு செய்திதான். நூறாண்டுக் கணக்கு அப்படியன்று. அது ஒரு சாட்சி. 1980-களில் அமெரிக்கக் கருவாத்து என்னும் இனம் குளிர்கால இடங்களில் குறைந்து வருவதை இவ்வேடுகள் காட்டிக் கொடுத்தன. அதன் பின்னரே அவ்வாத்தை வேட்டையாடுவதைக் குறைக்கும் நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. வேட்டைக்கு மாற்றாகப் பிறந்த கணக்கு, வேட்டையையே கட்டுப்படுத்தத் துணைநின்றது!

2009-ஆம் ஆண்டில், முந்தைய 40 ஆண்டுகளின் கணக்கை ஆராய்ந்தார்கள். 305 வகைப் பறவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களை வடக்கே நகர்த்தியிருந்தன. சராசரியாக 56 கிலோமீட்டர் அவை நகர்ந்துவிட்டன. பூமி வெப்பமடைகிறது என்பதைப் பறவைகள் தம் சிறகுகளால் எழுதிக் காட்டியிருக்கின்றன.

2019-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு நெஞ்சைப் பதறச் செய்வது. இக்கணக்கையும் வேறு பல கணக்குகளையும் கொண்டு ஆராய்ந்ததில், 1970-க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று தெரிந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இழப்பு அது. குறைந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை அன்றாடம் கண்ணில் படும் எளிய பறவைகளே. புல்வெளிப் பறவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மறைந்தன. எங்கும் இருக்கிறதே என்று நாம் ஏறெடுத்தும் பாராதவையே ஓசையின்றிப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆயினும் அதே ஆய்வில் ஒரு நற்செய்தியும் உண்டு. வாத்து முதலிய நீர்ப்பறவைகள் பெருகியிருக்கின்றன. வாத்து வேட்டைக்குச் செல்வோர் ஒரு முத்திரையை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று 1934-ஆம் ஆண்டிலேயே விதி செய்து, அப்பணத்தைக் கொண்டு சதுப்பு நிலங்களை வாங்கிக் காத்தது அதற்கு ஒரு காரணம். வெண்தலைக் கழுகும் மீண்டுவிட்டது. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து அதன் முட்டையோட்டை மெலியச் செய்து உடைத்து வந்தது. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்கா அம்மருந்தைத் தடை செய்தது. 2007-ஆம் ஆண்டில் அக்கழுகின் பெயர் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. காரணத்தை அறிந்து கை வைத்தால் இழந்தது திரும்பும் என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

வீட்டு வாசலில் செய்யும் பணி

இவ்வூர்ச் சங்கங்கள் விடுமுறைக் காலத்தில் எண்ணுவதோடு அமைதி அடைவதில்லை. பண்டிகை முடிந்ததும் தெருவில் எறியப்படும் கிறிஸ்துமஸ் மரங்களைத் தோட்டத்தின் மூலையில் குவித்து வைக்குமாறு கேட்டுக் கொள்கின்றன. பனிக்காற்றுக்கு அஞ்சும் சிறு பறவைகளுக்கு அக்கிளைகள் ஒதுங்கிடமாகின்றன. கண்ணாடிச் சன்னல்களில் மோதிப் பறவைகள் இறப்பதைத் தடுக்க, கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமான புள்ளிகளையோ கோடுகளையோ இடச் சொல்கின்றன. அமெரிக்காவில் மட்டும் இவ்வாறு ஆண்டுக்கு 36 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் மடிவதாக 2014-ஆம் ஆண்டின் ஆய்வொன்று கணித்தது. வலசை வரும் இரவுகளில் வேண்டாத விளக்குகளை அணைத்து வைக்குமாறும், வளர்ப்புப் பூனைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்குமாறும் அவை வற்புறுத்துகின்றன. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. அக்கறை ஒன்றே தேவை.

நமக்குரிய பாடம்

பறவைகளும் சமுதாயங்களாகவே படைக்கப்பட்டுள்ளன என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அவை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று சொல்லவும் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் அமானிதத்தைப் பெற்றவன் அதன் கணக்கை அறிந்திருக்க வேண்டாமா? நம் வீட்டு முற்றத்தில் வந்து அமரும் பறவைகள் எத்தனை வகை என்று கேட்டால், நம்முள் எத்தனை பேர் விடை கூறுவோம்?

தமிழ்நாட்டிலும் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணும் வழக்கம் நடைபெற்று வருகிறது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று கவனித்துக் கண்டதைப் பதிவு செய்தாலே போதும்; மொட்டை மாடியும் குளக்கரையும் அதற்கு ஏற்ற இடங்கள். சிறுவரும் செய்யலாம்.

பெருநாள் விடுமுறையில் உண்டிவில்லைக் கையில் ஏந்தி மரத்துக்கு மரம் அலையும் சிறுவனை நாம் கண்டிருக்கிறோம். அவனைப் பிடித்து நாலு அடி கொடுத்து வில்லைப் பிடுங்கினால், நாளையே வேறொன்று செய்துகொள்வான். அவனிடம் இருக்கும் கூர்மையான பார்வையும் ஓசையின்றி நெருங்கும் பொறுமையும் தீயவை அல்லவே! ஓர் ஏட்டைக் கொடுத்து, மாலைக்குள் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டாய் என்று எழுதி வா எனச் சொல்லிப் பாருங்கள். தன் தோழனைவிட ஒன்றாவது கூடுதலாகக் காண வேண்டும் என்று அவன் ஓடுவான். மரத்திலிருக்கும் பறவையும் மாலையில் தன் கூட்டுக்குத் திரும்பும்.