இசை: தட்டின் மறுபக்கம்

வெற்றிப் பாடல்களோடு ஒதுங்கிக் கிடந்த பாடல்களையும் சேர்த்துத் தந்தது கீன் இசைக்குழு. ரசிகர்கள் தேடிப் போனது இரண்டாவது தட்டை.

ராக் இசைக்குழு என்றால் கிடார் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இங்கிலாந்தின் கீன் குழு அந்த விதியை மீறியது கொள்கைக்காக அல்ல, வேறு வழியில்லாமல்தான்.

1066ல் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த இடத்தில் உருவானதால் 'போர்' என்றே பெயர் பெற்ற சிறு நகரம் பேட்டில். அங்கு தொடங்கிய குழுவிலிருந்து 2001ல் கிடார் கலைஞர் டொமினிக் ஸ்காட் விலகினார். மிஞ்சியவர்கள் மூவர்: பாடகர் டாம் சாப்ளின், டிரம்ஸ் வாசிக்கும் ரிச்சர்ட் ஹியூஸ், பாடல்களை எழுதும் டிம் ரைஸ்-ஆக்ஸ்லி. புதிய கிடார் கலைஞரைத் தேடவில்லை. ரைஸ்-ஆக்ஸ்லி பியானோ முன் உட்கார்ந்தார். மேடையில் பேஸ் கிடாரின் வேலையை ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

அவர் தேர்ந்தெடுத்தது யமஹா சிபி 70. உள்ளே நிஜமான தந்திகளும் சுத்தியல்களும் உண்டு. ஆனால் ஒலி மின்சாரத்தின் வழியே வெளிவரும். எனவே கிடாரின் ஒலியை உறுமலாக மாற்றும் கருவிகளை இதனுடனும் இணைக்கலாம். 2006ல் வந்த 'இஸ் இட் எனி வொண்டர்' பாடலில் கிடார் என்று பலர் நம்பியது உண்மையில் பியானோ.

2004ல் வெளியான முதல் ஆல்பம் 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்', பிரிட்டனில் அந்த ஆண்டு அதிகம் விற்ற ஆல்பங்களில் இரண்டாவது இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு இரண்டு பிரிட் விருதுகள். 2012 வரை வந்த நான்கு ஆல்பங்களும் அங்கே முதலிடத்தைத் தொட்டன. ஆக, 2013 நவம்பரில் 'தி பெஸ்ட் ஆஃப் கீன்' வெளிவந்தபோது அதை நிரப்பப் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் வெற்றிப் பாடல்கள் ரசிகர்களிடம் ஏற்கெனவே இருந்தன. கூடுதல் விலை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த இரண்டாவது தட்டில்தான் விஷயம் இருந்தது. ஒற்றைப் பாட்டுக்காக வெளியிடும் இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப இன்னொரு பாட்டு வேண்டும். குறுந்தகடு வந்த பிறகு தட்டுக்கு மறுபக்கமே இல்லை. ஆனாலும் பழக்கம் தொடர்ந்தது. வானொலிக்காக வெட்டிச் சுருக்க வேண்டாம், விற்பனைப் பட்டியலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மனதுக்குத் தோன்றியதைப் பதிவு செய்யலாம். ஆல்பத்தில் இடம் கிடைக்காது என்பதுதான் விலை.

'ஸ்னோட் அண்டர்' அப்படி வந்த பாட்டு. 2004ல் குழுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன 'சம்வேர் ஒன்லி வீ நோ' பாட்டுக்குத் துணையாக வந்தது. பேட்டிலில் உள்ள மேன்சர்ஸ் ஷா என்ற இடம் இதில் பெயரோடு இடம்பெறுகிறது. அது மட்டுமல்ல, முதல் ஆல்பத்தின் தலைப்பே இந்தப் பாட்டின் வரியிலிருந்து எடுத்ததுதான். லட்சக்கணக்கானோர் ஆல்பத்தை வாங்கினார்கள். பெயர் தந்த பாட்டு மட்டும் அதில் இல்லை.

வெற்றிப் பாடல்களின் கதை வேறு. அவை எழுதியவர்களின் கையை விட்டே போய்விடுகின்றன. தொகுப்பு வெளியான அதே நவம்பரில், ஜான் லூயிஸ் அங்காடியின் கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்காக லில்லி ஆலன் 'சம்வேர் ஒன்லி வீ நோ' பாட்டைப் பாடினார். கீன் பாடியபோது மூன்றாம் இடம்வரை சென்ற பாட்டு, அவர் குரலில் முதலிடத்தைப் பிடித்தது. அதை முதல்முறை கேட்ட இளைஞர்களுக்கு அது விளம்பரப் பாட்டு. 'ஸ்னோட் அண்டரை' யாரும் விளம்பரத்துக்குக் கேட்கவில்லை. அது இன்னும் பேட்டில்காரர்களின் பாட்டாகவே இருக்கிறது.

'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பு வந்தால் குழுவின் கதை முடிந்தது என்பது இசை வணிகத்தின் பழைய கணக்கு. இந்தத் தொகுப்புக்குப் பின் கீனும் ஓய்வெடுத்தது. சாப்ளின் தனி ஆல்பம் வெளியிட்டார். 2019ல் 'காஸ் அண்ட் எஃபெக்ட்' ஆல்பத்துடன் குழு திரும்பி வந்து அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது.

திரும்பி வராதது மறுபக்கம்தான். இணையத்தில் பாட்டுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. நிரப்புவதற்குக் காலி இடம் இல்லாததால், அதற்கென ஒரு பாட்டு எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்று தொடங்கும் குழு, இருபது ஆண்டுகள் கழித்துத் தன் வெற்றிப் பாடல்களைத் தொகுக்கலாம். இரண்டாவது தட்டுக்கு என்ன செய்யும்?