புலவர் திருமுகங்களும் அவற்றைப் பதிப்பிக்கும் நெறியும்

ஒருவர் மற்றொருவர்க்கு விடுக்கும் ஓலையைத் திருமுகம் என வழங்குதல் தமிழ்ப் பெருவழக்கு. நேரில் முகம் நோக்கி உரையாட இயலாதவிடத்து அம்முகத்தின் நிலையில் நின்று பேசுவது அதுவாதலின், இப்பெயர் மிகவும் பொருந்துவதேயாம். சைவத் திருமுறைகளுள் பதினோராந் திருமுறையின் முதற்கண் நிற்பதும் ஒரு திருமுகமே. ஆலவாயில் எழுந்தருளிய இறைவர் பாணபத்திரர்பொருட்டுச் சேரமான் பெருமாணாயனார்க்கு விடுத்த அத்திருமுகப் பாசுரத்தில், விடுத்தோர் இன்னார், பெறுவோர் இன்னார், கொணர்வோர் இன்னார், செய்யவேண்டுவது இன்னது என்னும் நான்கும் செவ்வனே அமைந்துள்ளன. ஆகவே, திருமுகங்களைத் தொகுத்துப் போற்றுதல் சைவ நன்மக்களுக்குப் புதுவழக்கன்று.

எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர்களின் பாடல்களை அச்சேற்றுதற்கண் காட்டப்பெற்ற ஊக்கம் அவர்கள் எழுதிய கடிதங்கள்பாற் காட்டப்பெறவில்லை. செய்யுளே நூலென்றும், கடிதம் படித்தபின் கழிக்கத்தக்க தாளென்றும் பலரும் எண்ணியிருந்தமையே அதற்குக் காரணம். அவ்வெண்ணம் பொருந்தாமையை இராமலிங்க அடிகள் திருமுகங்கள் கொண்டு தெளியலாம்.

அடிகள் 1823-ஆம் ஆண்டு தோன்றி 1874-ஆம் ஆண்டு மறைந்தவர். அவர்தம் பாடல்களுள் முதல் நான்கு திருமுறைகள் 1867-ஆம் ஆண்டிலும், ஐந்தாந் திருமுறை 1880-ஆம் ஆண்டிலும், ஆறாந் திருமுறை 1885-ஆம் ஆண்டிலும் அச்சேறின. முதற்பதிப்பு வெளிவந்த வரலாற்றை விளக்குவன அவர் சென்னை இறுக்கம் இரத்தின முதலியார்க்கு எழுதிய திருமுகங்களேயாம். பாடல்களைத் தொகுத்து வெளியிட அடிகள் எளிதில் இசைந்திலர். பாடல்கள் கைக்கு எட்டுங்காறும் நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென முதலியார் நோன்பு மேற்கொண்டனர். அச்செய்தி அடிகளின் உள்ளத்தை உருக்க, 1860-ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய திருமுகத்தில் அவர் இசைவு தந்தனர். அன்பர் பசித்திருத்தலைப் பொறாத அவ்வுள்ளமே ஏழாண்டு கழித்து வடலூரில் தருமசாலையாக வெளிப்பட்டது எனின் அது மிகையாகாது. பாடல்களை மட்டும் ஓதுவார்க்கு இத்தொடர்பு புலப்படுதல் அரிது.

இன்னும், தம்மை ‘இராமலிங்கசாமி’ எனக் குறித்தல் தமக்கு உடன்பாடன்றென்றும், அஃது ஆரவாரத்தின்பாற்பட்டதாகத் தோன்றுகின்றதென்றும், அவ்வாறு வழங்கலாகாதென்றும் அவர் அம்முதலியார்க்கு எழுதியுள்ளார். 1867-ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பில் ‘சிதம்பரம் இராமலிங்க பிள்ளை’ என்னும் பெயர் பொறிக்கப்பெற்றமை இதனோடு ஒத்து நிற்கின்றது. அப்பதிப்பின்பொருட்டு எழுந்த நெடிய வழக்கில் இருதிறத்தாரும் முகப்பில் உள்ள பெயரடைகளைக் குறித்துப் பலபடப் பேசினர். ஆசிரியரின் உள்ளக்கிடக்கை யாது என்னும் வினாவிற்கு விடைதருவது வாதநூல்களன்று; தனிப்பட ஓர் அன்பர்க்கு அவர் வரைந்த திருமுகமேயாம். அத்தாள் அழிந்திருப்பின் அவ்விடையும் அழிந்திருக்கும்.

இத்திருமுகங்கள் பெற்றவர் இல்லங்களிற் சிதறிக் கிடந்தன. ஆ. பாலகிருஷ்ண பிள்ளையவர்கள் 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாக வெளியிட்ட அருட்பாப் பதிப்பில் இவையும் இடம்பெற்றன. பின்னர் ஊரன் அடிகளாரும் உரைநடைப் பகுதியிற் சேர்த்துப் பதிப்பித்தனர்.

இனி, இத்தகைய பதிப்பிற்கு வேண்டும் நெறிகள் சில ஆராயத்தக்கன.

முதலாவது, தொகுத்தல். செய்யுளின் ஏடு ஆசிரியரிடத்தோ மாணாக்கரிடத்தோ இருக்கும். கடிதமோ விடுத்தவர் கையினின்று நீங்கிப் பெற்றவர் கையில் தங்குவது. ஆதலின் ஒரு புலவரின் திருமுகங்களைத் தேடுவார், அவர் பிறந்த மனையைக் காட்டினும் அவர்தம் அன்பர்களின் வழித்தோன்றல்களது மனைகளையே நாடுதல் வேண்டும். இருதிறக் கடிதங்களும் ஒருங்கு கிடைத்தல் அரிது. அடிகள் எழுதியன கிடைத்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் திறத்திலோ, பிறர் அவர்க்கு எழுதியன அவராற் பேணி வைக்கப்பெற்றன. 1877 முதல் 1900 வரையிலான அவற்றின் முதற்றொகுதி 2018-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ஒருபாற் கடிதங்களே கிடைத்தவிடத்து, மறுபாற் கூற்றைப் பதிப்பாசிரியர் தாமே ஊகித்து உண்மைபோல் எழுதிவிடுதல் கூடாது.

இரண்டாவது, காலம் துணிதல். அக்காலத்துக் கடிதங்கள் பலவற்றில் ௵, ௴, ௳ என்னும் குறிகளோடு தமிழாண்டின் பெயரே காணப்படும். ஆண்டுப்பெயர் அறுபதாண்டிற்கு ஒருமுறை மீளுமாதலால் அப்பெயர் ஒன்றே போதாது. ரௌத்திரி என்பது 1800-இலும், 1860-இலும், 1920-இலும் தொடங்கிய ஆண்டுகட்குப் பொதுப்பெயர். அன்றியும், மார்கழியின் முற்பகுதி ஓர் ஆங்கில ஆண்டிலும் பிற்பகுதி அடுத்த ஆண்டிலும் விழும். இதனை நோக்காது தமிழாண்டிற்கு நேராக ஓர் ஆங்கில ஆண்டை எழுதிவிடுவோர் ஓராண்டு வழுவுதல் உண்டு. உறை கிடைப்பின் தபால் முத்திரை உற்ற துணையாம். ஆதலின் உறையை எறிதல் சான்றை எறிதலேயாம். முத்திரையும் இல்லையெனின், உள்ளே கூறப்பெறும் திருவிழா, மறைவு, நூல் வெளியீடு முதலியன கொண்டு துணிக. அங்ஙனம் துணிந்த காலத்தைப் பகரக் கோட்டினுள் இட்டு, எழுதியவர் தாமே குறித்த காலத்தினின்றும் வேறுபடுத்திக் காட்டுக.

மூன்றாவது, மெய்ம்மை ஆராய்தல். சான்றோர் பெயரால் பொய்யோலை புனைவாரும் உலகில் உளர். கையெழுத்து, மை, தாள், சொல்வழக்கு என்பன ஒருங்கு நோக்கத்தக்கன. இந்நாட்டில் தபால் கார்டு வழங்கத் தொடங்கியது 1879-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். ஆகவே, 1874-ஆம் ஆண்டில் மறைந்த ஒருவர் எழுதியதெனக் கார்டு ஒன்றைக் கொணர்வாராயின் அது தள்ளத்தக்கது. ஆயினும் கையெழுத்து வேறுபட்டமை ஒன்றே பொய்ம்மைக்குச் சான்றாகாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் செய்யுட்களைத் தாம் சொல்ல மாணாக்கர் எழுதும் வழக்கமுடையவர். அத்தகையோர் திறத்தில் எழுத்து ஒருவரதாயினும் வாக்கு மற்றொருவரதாம்.

நான்காவது, பாடத்தைக் காத்தல். இதுவே பதிப்பாசிரியரின் உள்ளத்தைச் சோதிக்கும் இடம். பழைய எழுத்தில் புள்ளி இடப்பெறாமலும், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றியும், காலும் ரகரமும் ஒன்றுபோன்றும் காணப்படும். ‘எரி’ என்பதோ ‘ஏரி’ என்பதோ, ‘பொது’ என்பதோ ‘போது’ என்பதோ என இடம் நோக்கியே துணிதல் வேண்டும். இவற்றை இக்கால எழுத்தில் பெயர்த்தல் தக்கதே. ஆனால், புலவர் பேச்சுவழக்காக எழுதியதை இலக்கண நடையாக்குதலும், வடசொல்லை நீக்கித் தென்சொல் பெய்தலும், அக்காலத்து இயல்பாய் வழங்கிய ஆங்கிலச் சொல்லை மாற்றுதலும் தகாதன. திருந்திய கடிதம் திருத்தியவரின் கடிதமாமன்றி எழுதியவரின் கடிதமாகாது. வழுவெனத் தோன்றுவதை அடிக்குறிப்பிற் காட்டுக, பாடத்திற் கைவையற்க.

ஐந்தாவது, விடுத்தலும் மறைத்தலும். மருந்து, பொருள்முட்டு, இல்லத்துப் பிணி முதலியன புலவர் பெருமைக்கு இழுக்கென்று கருதி அவற்றை நீக்குவார் உளர். பிணியுற்றும் வறுமையுற்றும் பாடினார் என்பதனால் எவர் பெருமையும் குன்றாது. அதனால் அன்பர்க்கு அவர்பால் அணுக்கமே மிகும். பிறர் குடும்பத்தின் மறைபொருள் வருமிடத்து, அவர் வழியினர் புண்படாமைப்பொருட்டுச் சில பெயர்களை மறைத்தல் அறமே. ஆயினும் மறைத்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டி, மூலத்தைப் பொதுநூல்நிலையத்திற் சேமித்தல் வேண்டும். சொல்லாது நீக்குதல் பொய்யுரைத்தலோடு ஒக்கும்.

இறுதியாக, குறிப்புரை. கடிதத்தில் வரும் ‘மேற்படியார்’ யார், ‘அந்தக் காரியம்’ யாது என்பன எழுதியவர்க்கும் பெற்றவர்க்குமே விளங்கும். அவற்றை விளக்காது வெளியிடும் தொகுதி பூட்டிய பேழையாம். சாமிநாதையர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்ட தம் ஆசிரியர் சரித்திரத்திற் கடிதங்களை அவ்வச் செய்திக்குரிய இடத்தே அமைத்தமையால், ஆங்குப் பொருள் தானே விளங்குகின்றது. தனித் தொகுதியாக வெளியிடுவார்க்கு அவ்விளக்கத்தைக் குறிப்புரையே தருதல் வேண்டும்.

ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழிந்தமை குறித்து வருந்தாத தமிழர் இலர். கடிதங்களோ அவற்றினும் மெல்லிய தாளில் எழுதப்பெற்றவை. மடிப்பிற் கிழிந்தும், மை தாளைத் தின்றும் நாடோறும் மாய்வன. பழைய பெட்டிகளில் தம் முன்னோர்க்குச் சான்றோர் விடுத்த தாள்களை வைத்திருப்போர், அவற்றைக் கற்றார் கையிற் படியெடுக்கக் கொடுத்து மூலத்தைக் காத்தல் கடன். ஓலையின் வழியே இறைவர் அடியார்க்கு அருளிய வரலாற்றை ஓதுவார்க்கு, ஓலையைப் பேணுதலும் ஒரு தொண்டேயாம்.